ஆளில்லாத படங்கள்: நீலகிரியின் துருப்பிடித்த இயந்திரங்களும் கேமராவும்

நீலகிரிக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் பூவையும் ஏரியையும் படம் எடுத்தார்கள். இப்போது ஒரு கூட்டம் துருவைத் தேடி வருகிறது. பூட்டிக் கிடக்கிற தேயிலை ஸ்டோர், கொடி ஏறிய பாய்லர், பல் தேய்ந்த உருளைகள், புல்லுக்குள் சாய்ந்து கிடக்கிற பழைய லாரி. சனி ஞாயிறுகளில் கேமராவோடு வருகிறார்கள். கேட்டில் இருக்கிறவருக்கு ஐம்பதோ நூறோ கொடுத்து உள்ளே போகிறார்கள். மூடுபனி இறங்குகிறவரை பொறுமையாகக் காத்திருந்து எடுக்கிறார்கள். நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் படங்களைப் பற்றியது. எடுத்தவர்களின் பெயர் இங்கே தேவைப்படாது. பிரச்சினை ஆளில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். குன்னூர்ப் பக்கம் மூடிவிட்ட ஒரு ஸ்டோருக்குள் எடுத்தது. நடுவில் தேயிலை உருட்டுகிற ரோலர். உடைந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் சாய்வாக வந்து விழுகிறது. வார்ப்பு இரும்பில் எழுத்துகள் புடைத்து நிற்கின்றன: மார்ஷல் சன்ஸ், கெயின்ஸ்பரோ. கேமரா அந்த எழுத்தின்மேல்தான் கூர்மையாக நிற்கிறது. மற்றதெல்லாம் மங்கல். படத்தின் கீழே ஒரே ஒரு சொல்: ‘கைவிடப்பட்டது.’

கெயின்ஸ்பரோ எங்கே இருக்கிறது என்று படம் எடுத்தவரைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். இங்கிலாந்தில் இருக்கிற ஊர். வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலரை அங்கே மார்ஷல் கம்பெனி செய்து, தேயிலை விளைகிற காலனிகளுக்கெல்லாம் அனுப்பியது. பக்கத்தில் கிடக்கிற டிரையர் ‘சிராக்கோ’ என்றால், அது பெல்ஃபாஸ்ட்டில் டேவிட்சன் கம்பெனி செய்தது. எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். சரி, இந்த ரோலரில் கொழுந்து அள்ளிப் போட்டது யார் என்று கேட்டால், “அது தெரியலைங்க” என்பார். இயந்திரத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. இயக்கினவருக்கு இல்லை. கேமரா பெயர்ப்பலகை இருக்கிற பக்கமாகத்தான் திரும்புகிறது.

தமிழ் இலக்கணம் படித்த எனக்கு அந்த ஒற்றைச் சொல்தான் உறுத்துகிறது. ‘கைவிடப்பட்டது’ செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினையில் செய்தவர் ‘ஆல்’ உருபு ஏற்று வரவேண்டும். ‘இராமனால் இராவணன் கொல்லப்பட்டான்’ என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் பண்ண வைக்கிறார்கள். ஆனால் அந்த ‘ஆல்’ வராமலும் வாக்கியம் முடிந்துவிடும். இந்த வசதியை நம்மைப் பற்றி எழுதுகிறபோதுதான் அதிகம் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கீழவெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். வேங்கைவயலில் 2022-இல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. யாரால்? ‘ஆல்’ உருபு எங்கே போனது? அதே இலக்கணம்தான் இந்தப் படத்தின் கீழேயும் உட்கார்ந்திருக்கிறது. இயந்திரம் கைவிடப்பட்டது. யாரால், எப்போது, எந்தக் கணக்கைப் பார்த்து? அதுவும் போகட்டும். கைவிடப்பட்டது இயந்திரம் மட்டும்தானா?

அந்த ஸ்டோருக்குப் பின்னால் கல்லெறி தூரத்தில் லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அடுப்பு புகைகிறது, ரேடியோ பாடுகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க ஓடுகின்றன. கேமராவை ஒரு முழம் திருப்பியிருந்தால் விழுந்திருக்கும். திருப்பவில்லை. திருப்பினால் ‘கைவிடப்பட்டது’ என்று எழுத முடியாது. பாழ் அழகாகத் தெரிய வேண்டுமானால் அங்கே ஆள் இருக்கக் கூடாது. ஈரம் காய்கிற துணிக்கொடி ஒன்று சட்டகத்துக்குள் வந்துவிட்டால் படத்தின் ‘மௌனம்’ கெட்டுப்போகும்.

அந்தப் படத்தை அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் காட்டினேன். எனக்குப் பெரியப்பா முறை. எழுபதைத் தாண்டியவர். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“எந்திரம் நல்லாத்தான் விழுந்திருக்கு. சத்தந்தான் இல்ல. அந்தச் சத்தத்துல பேச முடியாது, கையாலதான் சைகை பண்ணிக்குவோம். கொழுந்து சாயங்காலம் வந்து சேரும். ராத்திரி பூரா வாட்டி, விடியமுன்ன ரோலர்ல போடணும். மேல அமுக்குத் தகடு இறங்கும், கீழ தட்டு சுத்தும். பெல்ட்டுப் பக்கம் தொங்கத் தொங்கத் துணி கட்டிக்கிட்டு நிக்கப்படாது. இழுத்துரும்.” பிறகு படத்தின் ஓரத்தில், மங்கலாகக் கிடந்த சுவரில் விரலை வைத்தார். “இந்தா, இந்த ஆணி தெரியுதா? இதுலதான் என் சட்டைய மாட்டுவேன். இருபத்தாறு வருசம்.”

நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆணி கண்ணில் படவில்லை. எடுத்தவர் கண்ணிலும் பட்டிருக்காது, பட்டிருந்தால் ஒதுக்கியிருப்பார். அழகியல் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி இப்படித்தான் வேலை செய்கிறது. எதைக் கூர்மையாக வைப்பது, எதை மங்கலாக விடுவது என்பதில்தான் அதன் அரசியல் முழுக்க இருக்கிறது. பெரியப்பா அழகியல் படித்தவர் இல்லை. ஆனால் அந்தப் படத்தைச் சரியாகப் படித்த விமர்சகர் அவர்தான்.

இந்த மலைக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு பழையது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜே.டபிள்யூ. பிரீக்ஸ் இங்குள்ள பழங்குடிகளைப் பற்றியும் பழைய கல்லறைகளைப் பற்றியும் எழுதிய புத்தகம் 1873-இல் வந்தது. தொதவர், கோத்தர், குறும்பர், இருளர் என்று வகைவகையாகப் பிரித்துப் புகைப்படங்கள் சேர்த்திருந்தார்கள். பின்னால் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து 1909-இல் ஏழு தொகுதி போட்டார். இந்த மாதிரிப் படங்களின் கீழே பெரும்பாலும் இனத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. மலையில் இரும்பை உருக்கி அடித்து அரிவாளும் மண்வெட்டியும் செய்து கொடுத்த கோத்தர்கூட அங்கே ஒரு ‘மாதிரி’தான். அன்றைக்குப் பெயரில்லாத ஆட்கள். இன்றைக்கு ஆளில்லாத பெயர்ப்பலகைகள். ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பார்வை இவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது.

பிரீக்ஸ் புத்தகம் வந்த அதே எழுபதுகளில் இதே மலையில்தான் அயோத்திதாசர் அத்வைதானந்த சபை நடத்திக்கொண்டிருந்தார். எண்பதுகளில் இரட்டைமலை சீனிவாசன் இங்கே ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கராக இருந்தார். 1891 டிசம்பர் 1-இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு ஊட்டியில் கூடிக் கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போட்டது. காங்கிரசுக்கே வயது ஆறு ஆகியிருந்த காலம் அது. எஸ்டேட்டும் ரோடும் ராணுவக் குடியிருப்பும் வந்தபோது கூலியாகவும் சமையலாளாகவும் குமாஸ்தாவாகவும் மலையேறிய சனங்களுக்கு இங்கே இப்படி ஒரு அரசியல் வரலாறு இருக்கிறது. மூடுபனியும் துருவும் மட்டும் நிறைந்த படம் இந்த வரலாற்றையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ‘காலம் உறைந்து நிற்கும் இடம்’ என்று வேறு எழுதுகிறார்கள். யாருடைய காலமய்யா உறைந்து நிற்கிறது?

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. தாத்தா சிலோனில் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர். 1948-இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிப் பாதியாக அறுத்துக்கொண்டார்கள். அப்படி இந்தியப் பங்கில் விழுந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். தாத்தா இங்கேயும் வந்து ஸ்டோரில்தான் நின்றார். அவரை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேமரா பார்த்தது, நாட்டை விட்டு அனுப்புகிற பாஸ்போர்ட்டுக்காக. அவர் செத்தபோது அதையே பெரிசு பண்ணி மாலை போட்டார்கள். இன்றைக்கும் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான். அவர் இயக்கின இயந்திரத்தின் சோடியை இன்றைக்கு நூறு கோணத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் அவர் நிற்கிற மாதிரி ஒரு படம்கூட உலகத்தில் இல்லை. இதைப் புலம்பலாக எழுதவில்லை. கேமரா யாரை எப்போது தேடி வந்தது என்பதற்கான கணக்கு இது.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-இல் தேயிலைத் திட்டம் போட்டது. 1976-இல் அது டான்டீ என்ற கழகமாக ஆனது. 2022-இல் அதன் தோட்டங்களில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தது. காட்டுக்குப் போகிற நிலத்தில் இருக்கிற ஷெட்டுகளும் லைன்களும் நாளைக்கு ‘கைவிடப்பட்ட’ இடங்களாகும். கேமராக்கள் போகும். கொடி ஏறின சுவர் அழகாகத்தான் விழும்.

பழைய இயந்திரம் தேடுகிறவர்கள் ஆசையாகப் போகிற இன்னொரு இடம் பந்தலூர், தேவாலா காடு. அங்கே கிடக்கிற இரும்புகள் தேயிலைக்கு வந்தவை இல்லை, தங்கத்துக்கு வந்தவை. அந்தப் பகுதி 1877-இல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தது. 1879 வாக்கில் இங்கே பாறையில் தங்கம் குவிந்து கிடக்கிறது என்று லண்டனில் புரளி கிளம்பியது. நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், ஐம்பது லட்சம் பவுனுக்கு மேல் மூலதனம் காட்டிப் பங்கு விற்றன. பாறை இடிக்கிற இயந்திரங்கள் கப்பலில் வந்து மலையேறின. சில வருசத்திலேயே எல்லாம் புஸ்ஸென்று போனது. போட்ட பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. துரைகள் இரும்பை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். நீலகிரியில் ‘கைவிடப்பட்ட’ இயந்திரங்களின் கதை இங்கே ஆரம்பிக்கிறது.

படங்களில் அந்த இரும்பைப் பார்க்கிறோம். மலைச்சரிவில் அதைத் தோள்கொடுத்துத் தூக்கினவர்களைப் பார்க்கிறோமா? கம்பெனிகளுக்கு முன்னாலேயே குறும்பரும் பணியரும் ஆற்று மண்ணை அலசிப் பொன் எடுத்தார்கள், நிலத்தின் ஜென்மிக்குப் பங்கு அளந்தார்கள். பணியர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். கம்பெனிகள் போன பிறகும் குழிகள் இருந்தன. நம் காலத்திலும் அந்தக் குழிகளில் ஏழைகள் இறங்கினார்கள், மண்ணெடுத்து அரைத்துப் பொன் பிரித்தார்கள். சரிந்த மண்ணுக்கடியில் செத்தும் போயிருக்கிறார்கள். துரை போட்டுவிட்டுப் போன இரும்புக்குப் பெயர் பாரம்பரியம். அவன் தோண்டிவிட்டுப் போன குழியில் வயிற்றுப் பாட்டுக்காக இறங்கினால் அதற்குப் பெயர் குற்றம். ஒரே கம்பெனியின் இரண்டு மிச்சங்கள். ஒன்றுக்குக் கேமரா, ஒன்றுக்குக் கேஸ்.

இனி கேமராவின் சொந்த வீட்டுக்கே வருவோம். படம் எடுக்கத் தேவையான பிலிமையே செய்த ஆலை ஊட்டியில் இருந்தது. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு பதிவாகி, 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டோத் தாளும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்து நாடெங்கும் போயின. அந்தப் பேரில்தான் இந்து நகர். இறக்குமதிக்குக் கதவு திறந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, கடன் ஏறியது. தொண்ணூறுகளில் நலிந்த ஆலை என்று அறிவித்தார்கள். 2014-இல் மிச்சமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கதை முடிந்தது. இன்றைக்கு அதுவும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் பட்டியலில் இருக்கிறது. பிலிம் ஆலையின் பாழைப் பிலிம் இல்லாத கேமராவால் எடுக்கிறார்கள்.

அந்த ஆலையில் பிலிமுக்கு மருந்து பூசுகிற வேலை இருட்டில் நடந்தது. வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுப்போகும். நாடு முழுக்க வெளிச்சத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள, இங்கே ஆட்கள் இருட்டுக்குள் வேலை செய்தார்கள். பொதுத்துறை ஆலை என்பதால் இட ஒதுக்கீடு இருந்தது. லைன் வீட்டிலும் சேரியிலும் பிறந்த பிள்ளை அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைய ஒரு கேட் இருந்தது என்று அர்த்தம். அந்தக் கேட்டின் துருவை மட்டும் படமாக்குகிறவர், மூடியது ஒரு ஆலை என்று நினைக்கிறார். மூடியது ஒரு உரிமை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். பிலிமில் படம் விழுவது வெள்ளி உப்பால். அந்த உப்பைத் தாங்கிப் பிடிப்பது ஜெலட்டின். ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருகிறது. கோடாக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்ட் என்ற விஞ்ஞானி 1920-களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: மாடு கடுகு மாதிரியான செடியைத் தின்றால், அதன் கந்தகச் சத்து ஜெலட்டினில் தங்கி, பிலிமுக்கு வெளிச்சத்தை உணர்கிற சக்தி கூடுகிறது. புகைப்பட வரலாற்றில் அந்த மாடு இடம் பிடித்துவிட்டது. அது தின்ற செடியும் இடம் பிடித்துவிட்டது. செத்த மாட்டை உரித்தவருக்கும் எலும்பு பொறுக்கினவருக்கும் இடம் இல்லை. இந்த நாட்டில் அது யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. 2016-இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் கட்டி வைத்து அடித்தார்கள். தீட்டு என்று ஒதுக்கின எலும்பும் தோலும் கூழாகிப் பிலிமின்மேல் பூசப்பட்டுத்தான், நூறு வருசத்துக்கு மேலாகச் சாமி படமும் கல்யாணப் படமும் விழுந்தன. கேமராவுக்குள்ளேயே நாம் இருந்தோம். சட்டகத்துக்குள்தான் இல்லை.

இது நீலகிரியின் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கார் ஆலைகள் மூடினபோது உலகமே கேமராவோடு போனது. மார்ஷாந்த், மெஃப்ரே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 2010-இல் போட்ட படப் புத்தகம் பெரிய பேர் வாங்கியது. இடிந்த தியேட்டர், பாழடைந்த ஸ்டேஷன், ஆளில்லாத ஆலை. அதே வருசத்துக் கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் ஏழு லட்சம் பேர் குடியிருந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். எங்களை ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. பாழை ரசிக்கிற கண், அந்தப் பாழுக்குள் வாழ்கிறவர்களை அழித்துவிட்டுத்தான் ரசிக்கத் தொடங்குகிறது.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். பிரேசிலின் செபஸ்தியோ சல்காடோ 1993-இல் ‘தொழிலாளர்’ என்ற பெயரிலேயே புத்தகம் போட்டார். அதில் செர்ரா பெலாதா தங்கச் சுரங்கத்தில் மண் மூட்டையோடு ஏணி ஏறுகிற ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள். மும்பையில் சுதாரக் ஓல்வே துப்புரவுத் தொழிலாளர்களை வருசக்கணக்கில் பின்தொடர்ந்தார். நம் மதுரைக்காரர் பழனிகுமார் மலக்குழி மரணங்களைப் படமாக்கினார். அதோடு நிற்காமல் உழைக்கிறவர்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிறார். அவ்வளவு தூரம் போகவேண்டாம், குன்னூர் மலை ரயிலையே பாருங்கள். யுனெஸ்கோ 2005-இல் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலாளி நிற்பார். ரயிலை எடுத்தால் அவரும் சேர்ந்து விழுகிறார். இயந்திரம் ஓடுகிறவரை ஆளை மறைக்க முடியாது. நின்ற பிறகுதான் அழிக்கிற வேலை சுலபமாகிறது.

எதிர்வாதமும் உண்டு. “இவர்களும் எடுக்காவிட்டால் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும், ஒரு பதிவாவது மிஞ்சட்டுமே” என்று தோழர் ஒருவர் சொன்னார். நியாயம்தான். இந்தப் படங்களைக் கொளுத்தச் சொல்லவில்லை. பெரியப்பாவின் ஆணியைக் காப்பாற்றி வைத்ததும் அந்தப் படம்தான். இயந்திரத்தின்மேல் எங்களுக்கும் பாசம் உண்டு. ஆயுத பூசைக்கு அதைத் துடைத்துப் பொட்டு வைத்த சனம்தான் நாங்கள். ஆனால் பதிவு என்றால் முழுசாக இருக்கட்டும். ஆலை மூடுகிறபோது இரும்பு எடைக்கு உடனே விலை பேசிவிடுகிறார்கள். பணிக்கொடைக்கு நடையாய் நடக்கவேண்டும். அந்த வித்தியாசத்தைக் காட்டாத படம் இரும்பு வியாபாரியின் எடைச்சீட்டு மாதிரிதான். எடை சரியாக இருக்கும், யாருடைய உழைப்பு என்று இருக்காது.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே படிக்கட்டாகப் பிரித்து வைத்திருப்பது என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். இந்தப் பொழுதுபோக்கு அதற்குமேல் இன்னொரு பிரிவினையைச் செய்கிறது. வேலை செய்த கருவியை ஒரு பக்கம் எடுத்து அதற்கு அழகு என்று பெயர் வைக்கிறது. வேலை செய்த உடம்பை மறுபக்கம் தள்ளி அதைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆகவே கேமராவோடு மலையேறுகிற நண்பர்களுக்கு: கேட்டுக்காரரிடம் பணம் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போகாதீர்கள். முதலில் லைனுக்குப் போங்கள். இந்த ஸ்டோரில் யார் வேலை பார்த்தது என்று கேளுங்கள். டீ கொடுப்பார்கள், குடியுங்கள். அவர் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு போய், அவர் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லி எடுங்கள். மார்ஷல் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரதி போட்டு அவர் வீட்டுக்குக் கொடுங்கள், சுவரில் மாட்டட்டும். அதற்குப் பிறகும் கீழே ‘கைவிடப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ‘ஆல்’ உருபை மட்டும் விட்டுவிடாதீர்கள்.